66 லட்சத்துக்கு ஒரு கொரியக் கூபே தகுமா? குமரி மாவட்டத்துச் சாலையில் வைத்துப் பார்த்த கணக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வீடு. இத்தனை வருடம் துபாயில் வேலை, இனி ஊரோடு வந்துவிடப் போகிறீர்கள். கியா ஈவி6 மின்காரை நேரில் பார்த்ததிலிருந்து, கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் அந்தக் கூபே வடிவம் மனதைவிட்டுப் போகவில்லை. 2025 மார்ச்சில் வந்தபோது ஷோரூம் விலை 65.90 லட்சம். ஒரு கொரியக் காருக்கு இந்த விலை நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "இந்தக் காசுக்கு ஒரு ரப்பர் விளை (தோட்டம்) வாங்கிப் போடலாம்" என்று அப்பா சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. கார் நல்லதா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. கொடுக்கிற பணத்தில் எவ்வளவு காரில் தங்கும், எவ்வளவு கரைந்துபோகும், கரைகிற பணத்துக்கு நம் ஊர்ச் சாலையில் என்ன அனுபவிக்கக் கிடைக்கும் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இந்த மாவட்டத்திலேயே வேலை பார்த்து வருகிறேன். அடிபட்ட வண்டியைப் பார்த்து எஸ்டிமேட்டைச் சரிபார்ப்பதும், டோட்டல் லாஸ் ஆன, அதாவது பழுது பார்க்கக் கட்டுப்படியாகாத, வண்டிக்கு மதிப்புப் போடுவதும் என் தொழில். அதனால் ஒரு கார் எங்கே அடிபடும், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஆகும், வருடத்துக்கு எவ்வளவு மதிப்பு இறங்கும் என்பதில் என் பேச்சை நம்பலாம். வளைவில் எப்படித் திரும்புகிறது, ஸ்டியரிங்கில் என்ன உணர்வு கிடைக்கிறது என்பதெல்லாம் என் துறை இல்லை. அதை ஓட்டிப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டியதுதான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: இது நல்ல கார். "கொரியக் காருக்கு இவ்வளவா" என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். 2022இல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது ஈவி6க்குக் கிடைத்தது. ஒரு கொரியக் கம்பெனி அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். இதற்கு அடியில் இருப்பது ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து மின்வண்டிக்கென்றே உருவாக்கிய ஈ-ஜிஎம்பி என்ற அடித்தளம். அதன் மின்னமைப்பு 800 வோல்ட். பெரும்பாலான மின்கார்கள் 400 வோல்ட்டில் ஓடுகின்றன. வோல்ட் இரண்டு மடங்கானால் அதே சக்தியைக் கடத்தப் பாதி மின்னோட்டம் போதும். ஒரே கம்பியில் மின்னோட்டம் பாதியானால் உண்டாகும் சூடு நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் இந்தக் காரால் மிக வேகமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள முடிகிறது. இந்த 800 வோல்ட் அமைப்பு முதலில் வந்தது 2019இல், போர்ஷே டைகானில். அதைக் கொரியாக்காரர்கள் இரண்டே ஆண்டில் அதைவிட மிகக் குறைந்த விலைக் காருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் இது பெரிய சாதனை என்பதே என் கருத்து.

2025 மார்ச்சில் வந்த மாடலில் 84 கிலோவாட் மணி பேட்டரி. முன்னும் பின்னும் மோட்டார், 325 பிஎஸ் சக்தி, 605 நியூட்டன் மீட்டர் டார்க். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.3 வினாடி. இந்தியாவில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பு, ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் ஓடும் என்று சொல்லும் தூரம் 663 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு, குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் 100இல் போனால் 400 முதல் 450 வரை எதிர்பார்க்கலாம். அதுவே தாராளம்.

சரி, விலைக்கு வருவோம். கியாவுக்கு ஆந்திராவில் பெனுகொண்டாவில் தொழிற்சாலை இருக்கிறது. செல்டோஸ் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஈவி6 அங்கே செய்யப்படவில்லை. கொரியாவில் முழுதாகச் செய்து கப்பலில் ஏற்றி வருகிறது. அப்படி முழுதாக இறக்குமதியாகும் காருக்குச் சுங்க வரி 70 சதவீதத்தில் தொடங்குகிறது. இறக்குமதி மதிப்பு 40,000 டாலரைத் தாண்டினால் 100 சதவீதத்துக்கும் மேலே போகும். கம்பெனி இந்தக் காரை என்ன மதிப்பில் இறக்குகிறது என்பது வெளியே வராத விஷயம். ஆனாலும் 65.90 லட்சத்திலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டியையும், வழக்கமான டீலர் கமிஷனையும் கழித்துவிட்டு, குறைந்தபட்ச வரி விகிதத்தையே வைத்துப் பார்த்தாலும், சுங்கமாக மட்டும் 20 லட்சத்துக்குக் குறையாமல் போகிறது. இது கம்பெனி சொன்ன எண் இல்லை, நான் போட்ட கணக்கு. அந்த 20 லட்சத்துக்கு நீங்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய எதுவும் காரில் கிடையாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் இருக்கிற ஹூண்டாய் ஐயோனிக் 5ஐப் பார்த்தால் புரியும். அதே ஈ-ஜிஎம்பி அடித்தளம், அதே 800 வோல்ட். அதன் பாகங்களைக் கொண்டுவந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பூட்டுகிறார்கள். 2023 ஜனவரியில் அது 44.95 லட்சத்துக்கு வந்தது. 2022 ஜூனில் வந்த ஈவி6 59.95 லட்சத்தில் தொடங்கியது. ஐயோனிக்கில் ஒரே மோட்டார்தான், 217 பிஎஸ், பேட்டரியும் 72.6 கிலோவாட் மணி. அதனால் 15 லட்ச வித்தியாசம் முழுவதும் வரி என்று சொல்வது தவறு. ஆனால் பெரிய பங்கு வரிதான் என்று தயங்காமல் சொல்வேன்.

வரியில் நமக்குச் சாதகமான பக்கமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் காருக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம். மின்காருக்கு அரசு அந்த வரியில் முழு விலக்கு கொடுத்து வந்திருக்கிறது. 65.90 லட்சத்துக்கு அது 13 லட்சம். விலக்கு அவ்வப்போது நீட்டிக்கப்படுகிற ஆணையாக வருவதால், நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அது அமலில் இருக்கிறதா என்று மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுங்கள். 13 லட்ச விஷயம், ஷோரூம்காரர் வாய்வார்த்தையோடு விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது மதிப்பு இறங்குவது. இன்சூரன்ஸில் ஐடிவி, அதாவது காருக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று பாலிசியில் எழுதும் தொகை, போட ஒரு அட்டவணை உண்டு. ஷோரூம் விலையில் முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் கழிப்பு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அப்படிப் பார்த்தால் உங்கள் 65.90 லட்சம் ஐந்தாவது வருடத்தில் 33 லட்சம் ஆகிவிடும். ஐந்து வருடத்தில் 33 லட்சம் இறக்கம் என்றால் மாதத்துக்குச் சுமார் 55,000 ரூபாய். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், போர்ட்டிகோவில் நின்றாலும், இந்த 55,000 போய்க்கொண்டே இருக்கும். அப்பா சொல்கிற விளையில் இது நடக்காது, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்: எந்தக் கார் வாங்கினாலும் இதே அட்டவணைதான், தொகைதான் மாறும்.

அந்தத் தொகை எவ்வளவு மாறும்? மஹிந்திரா பிஇ 6 பார்த்திருப்பீர்கள். அதுவும் கூபே வடிவம்தான். 79 கிலோவாட் மணி பேட்டரியோடு, எல்லா வசதியும் உள்ள பேக் த்ரீ மாடல் 26.90 லட்சத்துக்கு அறிமுகமானது. ஏஆர்ஏஐ தூரம் 682 கிலோமீட்டர், தரை இடைவெளி 207 மில்லிமீட்டர், இந்திய மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். அதே அட்டவணைப்படி ஐந்து வருட இறக்கம் 13.45 லட்சம், மாதத்துக்கு 22,500க்குக் கொஞ்சம் குறைவு. ஈவி6க்கும் இதற்கும் மாதம் 32,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். உள்ளே பொருட்கள் பொருந்தியிருக்கும் நேர்த்தி, ஓடும்போது இருக்கும் அமைதி, சார்ஜ் ஏறும் வேகம், நான்கு சக்கர இழுவை இதிலெல்லாம் ஈவி6 மேலேதான். அந்த மேன்மைக்கு மாதம் 32,000 கொடுக்க மனம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 66 லட்சத்தை முழுசாக வைத்து யோசித்தால் தலை சுற்றும், மாதக் கணக்காகப் பிரித்தால் முடிவு எடுக்க எளிதாக இருக்கும்.

இனி நம் சாலைக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் எழுதுகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ள நெடுஞ்சாலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் குழித்துறையிலும் அழகியமண்டபத்திலும் தக்கலையிலும் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர வேண்டியதுதான். நான்குவழிச் சாலை வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்பதும் தெரியும். உட்சாலைகளில், அருமனை, குலசேகரம், திற்பரப்புப் பக்கம், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஓரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஈவி6இன் அகலம் 1,890 மில்லிமீட்டர், கண்ணாடிகளைச் சேர்க்காமல். மாவட்டத்துக்குள் 325 பிஎஸ் சக்தியைப் பயன்படுத்த இடமே கிடையாது. ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு வந்து, 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் கார் தன் வேலையைக் காட்டும். உங்கள் ஓட்டம் வாரம் ஒருமுறை திருவனந்தபுரம், வருடத்தில் இரண்டு முறை சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தச் சக்திக்குக் கொடுக்கும் பணம் வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும்.

சார்ஜ் விஷயமும் இப்படித்தான். 18 நிமிடத்தில் 10இலிருந்து 80 சதவீதம் என்று விளம்பரத்தில் போடுவது 350 கிலோவாட் சார்ஜ் முனையில் கிடைப்பது. கியா கொச்சியில் 2022இலேயே 240 கிலோவாட் முனை ஒன்று வைத்தது. நம் பக்கத்திலும் மதுரைச் சாலையிலும் வழியில் கிடைப்பவை பெரும்பாலும் 30, 60 கிலோவாட் முனைகள், சில இடத்தில் 120. அறுபதில் போட்டால் அந்த 70 சதவீதம் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது, 800 வோல்ட் என்ற பெருமைக்குரிய சரக்கை வாங்கி, 400 வோல்ட் காருக்கு ஆகிற அதே நேரம் காத்திருப்பீர்கள். முனைகளின் வேகம் வருடத்துக்கு வருடம் கூடிவருகிறது, அதனால் காரை எட்டு, பத்து வருடம் வைத்திருப்பவருக்கு இந்த வசதி பின்னால் கைகொடுக்கலாம். நான்கு வருடத்தில் மாற்றுகிறவருக்கு அதனால் பெரிய பலன் இருக்காது.

அடுத்தது உங்கள் வீட்டு ஏற்றம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீடுகள் மேட்டிலோ பள்ளத்திலோதான். சாலையிலிருந்து வீட்டுக்குச் சட்டென்று ஏறும் சிமெண்ட் ரேம்ப் உங்கள் வீட்டிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஈவி6இன் தரை இடைவெளி 178 மில்லிமீட்டர், ஆள் ஏறாத நிலையில். கேட்க மோசமில்லை. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,900 மில்லிமீட்டர் நீளம். சக்கர இடைவெளி நீண்டால், ரேம்ப் முடிந்து சமதளம் தொடங்குகிற முனையில் காரின் நடு வயிறு உரசும். அந்த வயிற்றில் இருப்பது பேட்டரி. நான் பார்க்கிற மின்கார் கிளைம்களில் அடிவயிறு உரசல்தான் எனக்குக் கவலை தருவது. வெளியே ஒரு கீறலாகத்தான் தெரியும். ஆனால் பேட்டரிப் பெட்டியின் உறை நசுங்கியிருந்தால், அதைத் திறந்து பார்க்காமல் சரி என்று கையெழுத்துப் போட எந்தப் பட்டறையும் துணியாது. ஐயோனிக் 5க்கு இடைவெளி 163 மில்லிமீட்டர், சக்கர இடைவெளி 3,000. அது இன்னும் கவனிக்க வேண்டியது. அதனால் டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். காரை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து பேர் உட்கார்ந்து, மெதுவாக ரேம்பில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். யாராவது ஒருவர் வெளியே குனிந்து நின்று அடியில் பார்க்கட்டும். உரசினால் பேச்சே வேண்டாம், ரேம்பை உடைத்துக் கட்டுங்கள் அல்லது வேறு கார் பாருங்கள்.

டயர் 235/55 ஆர்19. இந்த அளவு நம் ஊர்க் கடைகளில் எப்போதும் இருப்பு இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். ஸ்டெப்னி உண்டா, பஞ்சர் கிட் மட்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவில் பேச்சிப்பாறைப் பக்கம் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது.

வீடு கடலுக்குப் பக்கம் இல்லை என்பது நல்லது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. மின்காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடும், பிரேக் பேட் அதிகம் உராய்வதில்லை. உராயாத டிஸ்க்கில் உப்புக் காற்று துருவை ஏற்றிவிடும். வாரத்தில் சில முறை, பின்னால் வண்டி வராத இடத்தில், காலால் பிரேக்கை நன்றாக அழுத்தி ஓட்டினால் டிஸ்க் உராய்ந்து துரு போகும். செலவில்லாத வைத்தியம், ஆனால் ஷோரூமில் இதைச் சொல்லித் தருவது அபூர்வம்.

கூபே வடிவத்துக்கு வருகிறேன். உங்கள் மனதைப் பிடித்தது அதுதான், அதனால் அதை லேசாகத் தாண்டிப் போவது முறையாகாது. பின்பக்கம் சரியும் கூரை அழகுக்காக மட்டும் இல்லை. காற்று பிரிந்து சுழலாமல் வழுக்கிப் போக அது உதவுகிறது. ஈவி6இன் காற்றுத் தடைக் குணகம் 0.28, இந்த உயரமுள்ள வண்டிக்கு நல்ல எண். அதற்கு விலை கொடுப்பவர் பின்சீட்டில் உட்காருபவர். தலைக்கு மேல் இடம் குறையும், பின் கண்ணாடி சிறுத்துவிடும். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் குறைவு. அரை மணி நேரப் பயணத்துக்கு ஒன்றும் தெரியாது. சென்னைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் வயதானவர்களுக்கு இடுப்பு பேசும். அப்பாவையும் அம்மாவையும் பின்சீட்டில் உட்கார வைத்துத் திருநெல்வேலி வரைக்கும் ஒரு ஓட்டம் போய் வாருங்கள். இன்னொன்று, முதலில் வந்த ஈவி6இலும் ஐயோனிக் 5இலும் பின் கண்ணாடிக்கு வைப்பரே கிடையாது. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, வருடத்தில் இரண்டு மழைக்காலம். நீங்கள் பார்க்கிற மாடலில் இருக்கிறதா என்று பின்னால் போய்க் கண்ணால் பாருங்கள்.

ஓட்டச் செலவில் காசு மிச்சம் ஆகும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால், இரண்டு மாத பில்லில் சார்ஜ் இழப்பும் சேர்த்துச் சுமார் 600 யூனிட் கூடும். இரண்டு ஏசி ஓடுகிற வீடு என்றால் அந்த 600 யூனிட்டும் மேல் அடுக்குகளில்தான் போய் உட்காரும். 2024 ஜூலைக் கட்டணத்தில் 800 யூனிட்டுக்கு மேல் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80 ரூபாய். அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் சொச்சம். இதே அளவு பெட்ரோல் கார் லிட்டருக்கு 10 கொடுத்தால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். மாதம் 11,000, 12,000 மிச்சம். நல்ல தொகைதான், ஆனால் மேலே சொன்ன 55,000 இறக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சார மிச்சத்துக்காக 66 லட்சக் கார் வாங்குகிறேன் என்ற கணக்கு எந்த விதத்திலும் நிற்காது. வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் 11 கிலோவாட்டில் ஒரு ராத்திரிக்குள் நிறைந்துவிடும். சோலார் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

பழுது, இன்சூரன்ஸ் பற்றி என் தொழிலிலிருந்து சொல்கிறேன். இறக்குமதிக் காரில் பயப்பட வேண்டியது பெரிய விபத்துக்கு இல்லை, சின்ன இடிப்புக்கு. பம்பருக்குள் ரேடார், ஹெட்லைட்டுக்குள் எலக்ட்ரானிக்ஸ், கண்ணாடிக்குள் கேமரா. ஒரு ஸ்கூட்டர் வந்து மூலையில் இடித்தால், உள்ளூர்க் காரில் ஒரு வாரத்தில் முடிகிற வேலை, பாகம் கடல் தாண்டி வர வேண்டியிருந்தால் மாதக் கணக்கில் இழுக்கும். பாலிசியில், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். இன்றைய காரின் முன்முகம் முழுக்கப் பிளாஸ்டிக்தான். எனவே ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காதது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (டோட்டல் லாஸ் ஆனால் வாங்கிய விலையைத் தருவது), பேட்டரிப் பாதுகாப்பு இந்த மூன்றும் இல்லாமல் இப்படி ஒரு காரைச் சாலையில் இறக்கவே கூடாது. பேட்டரிப் பாதுகாப்பில் தண்ணீர் புகுந்தால், அடியில் உரசினால் என்ற இரண்டும் அடங்குகிறதா என்று பாலிசி வாசகத்தையே வாங்கிப் படியுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் போல இன்னொரு முறை வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இவையெல்லாம் ஏறக்குறைய உறுதியானவை. சந்தேகத்துக்கு இடமுள்ளவை இரண்டு. ஒன்று மறுவிற்பனை. ஐடிவி அட்டவணை காகிதக் கணக்கு, சந்தை அதற்குக் கட்டுப்பட்டதில்லை. இந்த விலையில் பழைய மின்காரை வாங்க ஆள் நம் மாவட்டத்தில் மிகக் குறைவு, கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ கொண்டுபோய்த்தான் விற்க வேண்டியிருக்கும். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இருப்பதால் ஆறாவது வருடம் வரை ஓரளவு விலை நிற்கும் என்று நம்புகிறேன். வாரண்டி முடிகிற கட்டத்தில் என்ன ஆகும் என்பது ஊகம்தான், ஏனென்றால் அந்த வயதை எட்டிய ஈவி6 இங்கே இன்னும் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது, ஐசிசியூ என்ற பாகம். வீட்டு மின்சாரத்தைப் பெரிய பேட்டரிக்கு ஏற்றுவதும், அந்தப் பேட்டரியிலிருந்து சின்ன 12 வோல்ட் பேட்டரியை நிரப்புவதும் அதன் வேலை. அது கெட்டால் 12 வோல்ட் பேட்டரி வற்றி, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் நின்றுவிடும். இதற்காக 2024இல் இந்தியாவில் கியா 1,138 ஈவி6 கார்களையும், ஹூண்டாய் 1,744 ஐயோனிக் 5 கார்களையும் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்தியது. வெளிநாடுகளிலும் இதே அழைப்பு வந்தது. திருத்தத்தால் கோளாறு அடியோடு தீர்ந்ததா, குறைந்ததா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. வாரண்டிக் காலத்தில் பாகத்தை இலவசமாக மாற்றுவார்கள். ஆனால் வழியில் நின்ற காரைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஈவி6ஐ எல்லாக் கியா பட்டறையும் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் எந்த ஊர்ப் பட்டறையில் ஈவி6 வேலைக்குப் பயிற்சி பெற்றவர் இருக்கிறார் என்று கேட்டு, அந்தப் பட்டறைக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே ஒரு ஈவி6 லிஃப்டில் ஏறி நின்றால், அதன் உரிமையாளரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். என் இந்த முழுப் பதிலைவிட அது உபயோகம்.

என் தீர்ப்பு இதுதான். கார் தன் பொறியியலுக்கும் வடிவத்துக்கும் 45 லட்சம் பெறும். அதற்கு மேலே உள்ள 20 லட்சம் வரிக்கும், நீங்கள் பயன்படுத்த முடியாத வேகத்துக்கும் போகிறது. நீங்கள் எழுதியிருக்கிற ஓட்டத்துக்கு, புதிதாக 65.90 லட்சம் கொடுத்து வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே சமயம், "அழகுக்காகக் காசைக் கொட்டாதே" என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. பாலைவனத்தில் பல வருடம் உழைத்துவிட்டு வருகிறவர், தினமும் காலையில் கதவைத் திறந்ததும் கண் நிறைகிற ஒரு பொருள் வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. அந்த ஆசைக்குக் குறைந்த விலையில் வழி இருக்கிறது என்பதே என் வாதம்.

2022, 23இல் பதிவான ஈவி6 கார்கள் இப்போது இரண்டாம் கைச் சந்தையில் வருகின்றன. முதல் உரிமையாளர் சுங்கத்தையும் பெரிய இறக்கத்தையும் சுமந்து முடித்துவிட்டார். வடிவத்தில் பெரிய மாற்றம் இல்லை, முகவிளக்கு வேறு, பேட்டரி 77.4 கிலோவாட் மணி. வாரண்டி இன்னும் நான்கு, ஐந்து வருடம் மிச்சம். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: திரும்ப அழைப்பு வேலை முடிந்ததற்கான பதிவு, கம்பெனிப் பட்டறையில் எடுத்த பேட்டரி ஆரோக்கிய அறிக்கை, லிஃப்டில் ஏற்றி அடிவயிற்றுப் படம். கேரளப் பதிவு வண்டி என்றால் தடையில்லாச் சான்றிதழ் வாங்கி இங்கே மறுபதிவு செய்கிற செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். புதுசுதான் வேண்டும் என்றால் 48.90 லட்சத்தில் வந்த பிஒய்டி சீலயன் 7 மின்காரையும், மேலே சொன்ன பிஇ 6ஐயும் ஒரே நாளில் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பிஇ 6ஐ எடுத்தால் மிச்சமாகிற 39 லட்சத்தில் அப்பாவோடு போய் விளை பார்க்கலாம்.

பத்து வருடம் மாற்றாமல் ஓட்டுவேன், வீட்டில் இன்னொரு உயரமான வண்டி இருக்கிறது, கடன் வாங்காமல் கையிலிருக்கும் பணத்தில் வாங்குகிறேன் என்ற மூன்றும் உண்மையானால், புது ஈவி6ஐ வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கடனில் என்றால் வேண்டாம். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதில் திரும்பத் தருவதற்கான நிபந்தனையைப் பாருங்கள். அப்புறம், டெலிவரிக்கு முன் காரின் உற்பத்தி மாதம் என்ன என்று கேளுங்கள். குறைவாக விற்கிற இறக்குமதிக் கார் கிடங்கில் பல மாதம் நிற்பது வழக்கம். முந்தைய வருடத்துத் தயாரிப்பு என்றால் விலையில் குறைப்புக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். ரேம்பின் நீளத்தையும் சரிவின் உயரத்தையும் அளந்து எழுதினால், உரசுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.